எரியாத பாதி

மார்ச் 2

அக்காவுக்கு,

உன் தம்பி பம்பரம் எழுதறேன். நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்கா, மாடிப்படி ஏறும்போது மட்டும் முட்டிவலி வந்து வீடு கட்டினவனைத் திட்டறா. நீ எப்படி இருக்க? தூக்கம் வருதா? கம்பி எண்ணி முடிச்சாச்சா, இல்ல பாதியில மறந்து முதல்லேர்ந்து எண்றியா? சிரிச்சுட்டேன்னு நெனச்சுக்கறேன்.

ஒரு விஷயம். திட்டாத. எனக்கு வேலை கிடைச்சிருச்சு. உன் உர ஆலையிலதான். மூட்டை கட்டற பிரிவுல காண்ட்ராக்ட் ஆளு. காண்ட்ராக்டர் புதுசு, எவனுக்கும் நான் யாருக்குத் தம்பின்னு தெரியாது. "பாலிடெக்னிக்கை ஏன்டா பாதியில விட்ட?"ன்னு மட்டும் கேட்டான். "பெஞ்சு குத்துச்சு சார்"ன்னேன். எடுத்துக்கிட்டான்.

மேலேர்ந்து பாசிமணி மாதிரி வெள்ளையா உரம் கொட்டுது. நான் மூட்டை வாயைத் தையல் மெஷினுக்குக் காட்டறேன். நாள் பூரா அதே. இதுல ஒரு கூத்து. உரம்னா ஏதோ கல்லைத் தோண்டி அரைக்கறாங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். நீ அங்க ஆறு வருஷம் ஷிப்ட் இன்ஜினியரு, நான் ஒரு நாள் கேட்டதில்ல. உங்க பட்டறையில ஆறு வாரம் ட்ரெயினிங் வந்தப்போகூட லேத்தைத் தவிர எதையும் நிமிந்து பாக்கல. பக்கத்துல நிக்கற மீசைக்காரர்தான் சொன்னாரு: "தம்பி, நீ தைக்கறது கேஸு. அடுப்புல எரியுதே, அதே வகை. பைப்புல வருது, மூட்டையில போகுது." அன்னிக்கு வீட்டுக்கு வந்து அடுப்பையே பாத்துட்டு நின்னேன். கிறுக்கு புடிச்சிருச்சான்னு அம்மா கேட்டா.

ஏன் அங்கயே போய்ச் சேந்தேன்னு கேப்ப. உன்கூட வேலை பாத்த நெட்டையண்ணன் எப்படிச் செத்தாரு, அதுக்கு நீ ஏன் மூணு வருஷம் உள்ள இருக்கணும்னு கோர்ட்டுல ஒருத்தனும் எனக்குப் புரியற மாதிரி சொல்லல. நீயும் "ஆமா, என் தப்புதான்"னு சொல்லிட்டு உக்காந்துட்ட. நானே பாத்துக்கறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

பம்பரம்

*

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். என்னைத் தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வால்வுகளைத் திறந்து மூடிய கை இப்போது சீருடைக்குப் பொத்தான் துளை போடுகிறது. முதல் வாரம் விரல் முழுக்க ஊசிக் குத்து. இப்போது பழகிவிட்டது. அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. "கொடுக்கட்டுமா" என்று கேட்காதே, கேட்டால் வேண்டாம் என்பாள்.

ஒன்று தெரிந்துகொள். இங்கே வருகிற கடிதங்களை அலுவலகத்தில் படித்த பிறகுதான் என்னிடம் தருவார்கள். நான் எழுதுவதும் அப்படித்தான் போகும். உன் கம்பி வேடிக்கைக்கு அலுவலக அம்மா எனக்கு முன்பே சிரித்துவிட்டார். ஆகவே பேனாவை எடுக்கும்போதே யோசி.

அந்த வேலையை விட்டுவிடு. உலகத்தில் வேறு ஆலையா இல்லை? இன்னும் இரண்டு தேர்வுதான் உனக்கு மீதி. எழுதி முடி.

நீ நெட்டையண்ணன் என்று எழுதியிருந்தாயே, அவருடைய அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார்களா? வழியில் பார்த்தால் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

எல்லாரும் சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தேன், கேக்காமதான் கொடுத்தேன், கரண்டியால அடி வாங்கினேன். உன் விரல் எப்படி இருக்கு?

வேலையை விடல. விடறதா இல்ல.

மீசைக்காரர் இடைவேளையில என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பெரிய உலையைக் காட்டினாரு. ஒரு சின்ன ஓட்டை வழியாப் பாத்தேன். உள்ள வரிசையா குழாய் தொங்குது, செக்கச்செவேல்னு. சுத்தி நெருப்பு. அவர் சொல்றாரு, வெளிய எரியறதும் கேஸு, குழாய்க்குள்ள போறதும் அதே கேஸு, ஒரே பைப்புல வந்து வாசல்ல ரெண்டாப் பிரியுதாம். வெளிய போனது எரிஞ்சு புகையாப் போயிருது. உள்ள போனது எரியறதில்ல. நீராவியோட சேந்து உடைஞ்சு, அதுல இருக்கற ஹைட்ரஜன் தனியா வந்து, காத்துல இருக்கற நைட்ரஜனோட கூடி அமோனியா ஆகி, கடைசியில என் மூட்டைக்கு வருது. "எரிக்கறவன் ஊருல நிறைய பேர் இருக்கான் தம்பி, இதைத் திங்கற பண்டமா மாத்தறது நம்மதான்"ன்னு மார்தட்டிக்கறாரு. மனுசனுக்கு அதுல அவ்வளவு பெருமை.

அப்புறம் நெட்டையண்ணன் எறங்கின கலத்தைக் காட்டினாரு. அதுக்குள்ள கருப்பா இரும்புக் குருணை இருக்குமாம், அதுல காத்து பட்டாலே தணலாயிருமாம். அதனால ஆலையை நிறுத்தி அதை மாத்தறப்போ உள்ள பூரா நைட்ரஜனை நிரப்பி வச்சிருவாங்களாம். எறங்கறவனுக்கு முகமூடி. வெளியேர்ந்து ஹோஸ் வழியா நல்ல காத்து. அண்ணனோட ஹோஸை யாரோ காத்து லைனுக்குப் பதிலா நைட்ரஜன் லைன்ல மாட்டிட்டாங்க, நீ பாக்காம விட்டுட்டன்னுதானே கோர்ட்டுல சொன்னாங்க?

நான் அந்த ரெண்டு லைனையும் பக்கத்துல போய்ப் பாத்தேன். காத்து லைன் வாய்க்கு ஹோஸைக் கவ்விக்க ரெண்டு காது நீட்டிட்டிருக்கு. நைட்ரஜன் வாய்க்கு நாலு காது. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்கான். ஒரு காத்து ஹோஸை எடுத்து நைட்ரஜன் வாயில அழுத்திப் பாத்தேன், திருகிப் பாத்தேன். உக்காரவே மாட்டேங்குது. அதுக்குள்ள ஒருத்தன் விசிலடிச்சு விரட்டிட்டான்.

அப்போ அன்னிக்கு மட்டும் எப்படிக்கா உக்காந்துச்சு? நடுவுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும். அது என்ன? பதில் எழுது.

பம்பரம்

*

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன், இப்போது சரியாகிவிட்டது. கவலைப்படும்படி ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

இங்கே வெயில் அதிகம். கழுவிய தரை நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. பக்கத்துப் பாயில் இருப்பவள் எனக்குப் பின்னல் கற்றுத் தருகிறாள், நான் அவளுக்குக் கூட்டல் கழித்தல். இரண்டு பேரும் மக்குதான்.

தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா? கடைசித் தேதி தாண்டப் போகிறது. உன் சான்றிதழ்கள் பீரோவின் மேல் தட்டில், பச்சை உறையில் இருக்கின்றன. அம்மாவுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும், மறந்துவிடாதே. அவருடைய அம்மாவைப் பற்றி நீ எழுதவே இல்லை.

மற்றதை விடு.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 2

அக்கா,

ஒண்ணரை மாசம் காத்திருந்தேன். பீரோ மேல் தட்டு, பச்சை உறை! நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதற? காய்ச்சல்னா என்ன காய்ச்சல், மாத்திரை கொடுத்தாங்களா? அதையாவது ஒழுங்கா எழுதக் கூடாதா?

விண்ணப்பம் போடல. அந்தம்மாவை நான் பாக்கல. பாத்தா என்னன்னு மூஞ்சியைக் காட்டறது, இவன் அக்காவாலதான் என் பிள்ளை செத்தான்னுதானே நெனப்பாங்க. நீ ஏன் அவங்களையே கேட்டுட்டிருக்க?

இதைக் கேளு. கை கழுவற எடத்துல பிட்டர் ஒருத்தன் வாய் விட்டான். ஆலையை நிறுத்தின அந்த ஷட்டவுன்ல காத்து லைன்ல அழுத்தம் கம்மியாயிட்டே இருந்துச்சாம். போல்ட் கழட்டற காத்து ஸ்பேனர் முக்கி முக்கி சுத்துமாம். அதுக்காக பசங்க ஒரு குறுக்கு வழி பண்ணியிருக்காங்க. ஒரு பக்கம் நாலு காது, ஒரு பக்கம் ரெண்டு காதுன்னு பித்தளையில ஒரு இணைப்பு செஞ்சு, நைட்ரஜன் லைன்ல மாட்டி ஸ்பேனரை ஓட்டியிருக்காங்க. ஸ்பேனருக்கு எதுவா இருந்தா என்ன, சுத்துனா சரி. அந்த இணைப்பைக் கழட்டாம அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். பாக்கறதுக்கு காத்து லைன் மாதிரியே ரெண்டு காதோட நிக்குது. முகமூடி ஹோஸும் அதுல போய் உக்காந்துருச்சு.

புரியுதா? கோர்ட்டு வழக்குல அந்த இணைப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல! அன்னிக்கே காணாமப் போச்சாம். அதைக் கடைஞ்சு கொடுத்த நாயே எடுத்து ஒளிச்சிருப்பான். அவன் வெளிய ஜாலியாத் திரியறான், நீ உள்ள பொத்தான் துளை போடற.

வக்கீலைப் பாத்தேன். ஆகஸ்ட் கடைசிக்குள்ள மேல்முறையீடு போடலாம், புதுசா ஆதாரம் இருந்தா தண்டனை குறையும்ங்கறாரு. பித்தளைன்னா பட்டறை லேத்துலதான் கடைஞ்சிருக்கணும். எனக்குத் தெரியாத பட்டறையா? நோண்டி எடுக்கறேன் பாரு.

மாத்திரை போடு.

பம்பரம்

*

ஜூன் 8

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது, உடனே எழுதுகிறேன். நான் நலம்.

பட்டறைப் பக்கம் போகாதே. யாரிடமும் எதையும் கேட்காதே. மேல்முறையீடு எனக்கு வேண்டாம் என்று வக்கீலுக்கும் எழுதிவிட்டேன்.

இதுவரை நான் உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

அக்கா

*

ஜூலை 8

அக்கா,

அம்மா நல்லா இருக்கா. கண்ணாடி வாங்கியாச்சு.

பட்டறைக்குப் போனேன். பழைய போர்மேன் ரிட்டயர் ஆயிட்டாரு. புதுசா இருக்கறவன் டிராயரைத் திறந்து காட்டினான். "இந்த மாதிரி ரெண்டு செஞ்சாங்க, ஒண்ணு காணும், இன்னொண்ணு இதோ"ன்னு கையில கொடுத்தான்.

கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு.

நடுவுல ஒரு படி இறங்கும். அதுல டூல் நழுவி ஒரு கோடு விழுந்திருக்கு. அது விழுந்த அன்னிக்குப் பழைய போர்மேன் என் மண்டையில ஒரு தட்டு தட்டி, "கண்ணை எங்கடா வச்சிருக்க, சரி போ, வெளியதானே இருக்கு கோடு, ஒழுகாது"ன்னாரு. ட்ரெயினிங்கோட கடைசி வாரம். சிகரெட் அட்டையில கிறுக்கின படத்தைக் கொடுத்து ரெண்டு போடச் சொன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல. வாழ்க்கையில மொத முறையா ஒரு வேலையை நல்லாப் பண்ணேன்னு மட்டும் தோணுச்சு.

உனக்குத் தெரியும்தானே.

உனக்குத் தெரியும்.

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? அம்மாவைத் தனியே விட்டு எங்கும் போய்விடாதே. வீட்டிலேயே இரு.

நீ எழுதியதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு பொருளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

ஆனால் இதை யார் படித்தாலும் சரி, எழுதுகிறேன். கலத்துக்குள் ஆள் இறங்கும் முன் ஷிப்ட் இன்ஜினியர் ஒரு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் பதினான்கு கட்டங்கள். ஒன்பதாவது கட்டம், "முகமூடி ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே அது தொடங்கும் இடம் வரை நடந்து பார்த்தேன்." நான் நடக்கவில்லை. அன்று ஆறு தாள்கள் மேசையில் கிடந்தன. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே டிக் போட்டேன். நூறு அடி தூரம். நடந்திருந்தால் யார் எதைச் செய்து வைத்திருந்தாலும் பார்த்திருப்பேன், கழற்றியிருப்பேன், அவர் இருந்திருப்பார்.

அந்த நூறு அடிக்குத்தான் இந்த மூன்று வருஷம். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. கொடுக்கவும் மாட்டேன்.

தேர்வு எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 6

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். நான் சாப்பிடறேன். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். என் கையை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

வக்கீல்கிட்ட அந்த ரெண்டாவது இணைப்பைக் கொடுத்தாச்சு. யார் கடைஞ்சது, எப்போ, யார் சொல்லி, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தம்பி, இது உன் பக்கம் திரும்பலாம், யோசிச்சுக்க"ன்னாரு. யோசிச்சாச்சுன்னேன். நீ கையெழுத்துப் போட்டாத்தான் மேல்முறையீடு. காகிதம் உனக்கு வரும். போடு.

அந்த உலையை இப்போ நெனச்சாலே எரிச்சலா வருது. ஒரே பைப்புல வந்த கேஸு, ஒரு பாதி வெளிய நின்னு எரியுது, இன்னொரு பாதி உள்ள பத்திரமா போய் ஏதோ ஒண்ணா ஆகுது. அப்பா போனதுலேர்ந்து நீ இதைத்தான் பண்ணிட்டிருக்க. நீ எரி, நான் ஆகறேன். என்ன ஆனேன்? மூட்டை தைக்கறேன். இப்போ ஜெயில்லயும் எனக்காக நின்னு எரியறியா? யார் கேட்டா? கேஸுக்கு வாய் இல்ல, எந்தப் பக்கம் திருப்பினாலும் போயிரும். எனக்கு வாய் இருக்கு.

உன் நூறு அடி உன்னோடது, சரி. நான் புடுங்க வரல. பித்தளை என்னோடது. அதை எனக்குக் கொடுத்துரு.

பம்பரம்

*

செப்டம்பர் 15

அக்கா,

ஒரு வரிகூட நீ எழுதல. உடம்பு சரியில்லையா, கோவமா? கோவம்னா கோவம்னாவது எழுது. ஆனா வக்கீல் சொன்னாரு, காகிதத்துல கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கன்னு, தேதி முடிய ரெண்டு நாள் இருக்கறப்போ. விசாரணை நவம்பர்ல. என்னையும் கூப்பிடுவாங்க. வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்க, யாருக்குத் தம்பின்னு தெரிஞ்சுபோச்சு. ஆலையில இருந்த அந்த மாதிரி குறுக்கு வழி இணைப்பெல்லாம் தேடிப் பொறுக்கி ஒரு வாளியில போட்டு நசுக்கினாங்களாம். மீசைக்காரர் சொன்னாரு. வாளி நெறைய இருந்துச்சாம் அக்கா.

நெட்டையண்ணன் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு தோணுச்சு. அந்தம்மா கதவைத் திறந்துட்டு உக்காரச் சொன்னாங்க. நின்னுட்டே சொன்னேன். அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அவனுக்கு வலிச்சுதாப்பா? சாகப்போறோம்னு தெரிஞ்சுதா?"

எனக்குத் தெரியாதுன்னேன். "உன் அக்கா அங்க இருந்தாளாமே. ரெண்டு வருஷமா யாராவது வந்து சொல்வாங்கன்னு பாத்துட்டிருக்கேன். எல்லாரும் போல்டு நட்டுன்னுதான் பேசறாங்க"ன்னாங்க.

எனக்காக எழுத வேணாம். அவங்களுக்கு எழுது.

பம்பரம்

*

செப்டம்பர் 23

பம்பரம்,

நலம் கிலம் எதுவும் இன்னிக்கு இல்ல. நேராப் பேசறேன். கோவம்தான். நீ வாயைத் தொறந்துட்ட, இனி நான் மூடி வச்சு என்ன பண்றது? ஆபீஸ் அம்மாவும் படிக்கட்டும். இதையேதான் நவம்பர்ல நானும் சொல்லப்போறேன்.

இதை அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. நீ எல்லாத்தையும் ஓடறவன் மாதிரி படிப்ப.

அம்மா, அவருக்கு வலிக்கல. நைட்ரஜன்ல மூச்சு முட்டாது. நெஞ்சு அதையும் காத்துன்னு நம்பிரும். ரெண்டு மூணு மூச்சுல நினைவு போயிரும், போறது போறவருக்கே தெரியாது. நான் படிச்சதை வச்சு மட்டும் சொல்லல, அவர் முகத்தைப் பாத்துச் சொல்றேன். ஆள் அசையலன்னு மேலேர்ந்து கத்தினாங்க. நடக்காம விட்ட அந்த நூறு அடியை அப்போதான் ஓடினேன். வெளிய தூக்கினப்போ முகமூடியைக் கழட்டினது நான்தான். புருவம்கூடச் சுருங்கல. எதையோ யோசிச்சிட்டு அப்படியே தூங்கின மாதிரி இருந்தாரு. கையில ஸ்பேனரைப் புடிச்சபடியே இருந்தாரு. பயந்தவர் அதைக் கீழ போட்டிருப்பாரு.

அப்புறம்தான் ஹோஸைப் புடிச்சிட்டே போனேன். அந்த இணைப்பு நின்னுது. நாலு நாளைக்கு முன்னாடிதான் அவர் அதை எனக்குக் காட்டினாரு: "உங்க தம்பி போட்டது மேடம், என்னமா உக்காருது பாருங்க, பையனுக்குக் கை இருக்கு." ஸ்பேனருக்குத்தானேன்னு நானும் விட்டுட்டேன். வேண்டாம், கழட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஷட்டவுன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன். எல்லாத்துக்கும் அதேதான் சொல்லிட்டிருந்தோம் அப்போ. கழட்டினேன், பாக்கெட்ல போட்டேன், வீட்டுக்குப் போற வழியில பாலத்துலேர்ந்து எறிஞ்சேன். ரெண்டு காதைப் பாத்து காத்து லைன்னு நெனச்சு ஹோஸை அதுல மாட்டினது அவரேதான். கோர்ட்டுல யாரோன்னு சொன்னேன். அவர் மேல பழி வரக் கூடாதுன்னு சொன்னேன். உங்க பிள்ளை அஜாக்கிரதை இல்லம்மா. அவசரத்துல இருந்தாரு. எல்லாரும் அவசரத்துல இருந்தோம்.

இன்னொண்ணு இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இவன்கிட்டகூட. அந்த இணைப்பைக் காட்டின அன்னிக்கே படிக்கட்டுல நின்னு, ஹெல்மெட்டைக் கழட்டி, என்கிட்ட ஒண்ணு கேட்டாரு, தன்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு. உங்ககிட்ட முன்னாடியே பேசிட்டேன்னும் சொன்னாரு. "ஷட்டவுன் முடியட்டும், சொல்றேன்"ன்னேன். "மூணு நாளா, நாலு நாளா? நாள் சொல்லுங்க மேடம், அம்மா தினம் கேப்பாங்க"ன்னு சிரிச்சாரு.

அவர் உங்ககிட்ட வந்து என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. பதில் வரலன்னு சொல்லியிருப்பாரு.

பதில் சரிங்கறதுதான் அம்மா. அன்னிக்கே சரிதான்.

பம்பரம், இதோட நிறுத்து. அவங்க தண்ணி கேட்டா கொடு. கொஞ்ச நேரம் கூட உக்காந்துட்டு வா.

அக்கா